மாடி கான்கிரீட்டுக்கு முன் லேன் கேபிள்: கேட் 6 போதுமா, 6ஏ போட வேண்டுமா?

#1 குடமுருட்டிக்கரை

வணக்கம். பாபநாசம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. தெருவாசலில் ஆரம்பித்தால் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு என்று கொல்லை வரை நீண்டுகொண்டே போகும். சுவர் எல்லாம் சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடிக் கனம். ஃபைபர் இணைப்பு வாங்கி ரேழியில் மோடம் வைத்திருக்கிறோம், 300 எம்பிபிஎஸ் பிளான். ரேழியில் முழு வேகம் வருகிறது. கூடத்தில் பாதி. இரண்டாம் கட்டில் வைஃபை சின்னம் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது பின்கட்டை இடித்துவிட்டு மாடியோடு கட்டுகிறோம். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது அந்த மாடி அறையில்தான். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கான்கிரீட் கொட்டுவதற்குள் லேன் கேபிளுக்கு வழி செய்தாக வேண்டும். எலெக்ட்ரீஷியன், "கரண்ட் பைப்பிலேயே சேர்த்து இழுத்துடலாம் தம்பி" என்கிறார். கடையில் கேட் 6, 6ஏ, 7, 8 என்று (கேட் என்றால் கேட்டகிரி, கேபிளின் தர வரிசை) வரிசையாகச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? ரேழியிலிருந்து மாடிக்கு, வளைவு எல்லாம் சேர்த்து 40 மீட்டருக்குள் வரும்.

#2 டிகிரி காபி

தம்பி, கேபிளை அப்புறம் பார்க்கலாம். கான்கிரீட் கொட்டிய பிறகு மாற்ற முடியாதது பைப். முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

கரண்ட் பைப்பில் லேன் கேபிள் கூடவே கூடாது. இரைச்சல் ஏறும் என்பது சின்ன விஷயம். உள்ளே எங்காவது கரண்ட் ஒயரின் இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் நேராக உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். தனி பைப், தனி பாக்ஸ். இரண்டும் பக்கத்தில் ஓடியே ஆக வேண்டுமென்றால் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்கிற இடத்தில் செங்கோணத்தில் கடக்கட்டும்.

25 மில்லிமீட்டர் பைப், ஹெவி கேஜ். மெல்லிய பைப் போட்டால் கான்கிரீட் கொட்டும்போது யாராவது மிதித்து நசுக்கிவிடுவார்கள். 20-ல் கேட் 6 இரண்டு போகும், மூன்றாவது முரண்டு பிடிக்கும். 25-ல் நாலு நிம்மதியாகப் போகும். திரும்புகிற இடத்தில் எல்போ வேண்டாம், நீள பெண்டு போடுங்கள். கேட் 6 கேபிள் சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். அதன் வளைவு ஆரம் தடிமனைப் போல நாலு மடங்குக்குக் குறையக் கூடாது. ஒரு இழுப்புக்கு இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பாக்ஸ் வைத்துவிடுங்கள். பைப் கட்டும்போதே உள்ளே நைலான் கயிறு விட்டுவிடச் சொல்லுங்கள். பிறகு ஸ்பிரிங் விட்டுத் தேடுகிற பாடு இருக்காது.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு பைப், மாடிக்கு மட்டும் இரண்டு. இரண்டாவது காலியாகவே கிடக்கட்டும்.

கேபிள்: கேட் 6, யுடிபி (உலோக உறை இல்லாத ரகம்), முழுச் செம்பு. அவ்வளவுதான்.

#3 சம்பா தாளடி

வழக்கம் போல நான் எதிர்க்கட்சி. கேட் 5இ போதும் என்பேன்.

கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து தேற வேண்டிய கேபிள். 1 கிகாபிட்டை 100 மீட்டர் தூரம் கொண்டுபோகும். 2016-ல் வந்த 802.3பிஇசட் என்ற ஈதர்நெட் தரத்துக்குப் பிறகு அதே பழைய 5இ கேபிளில் 100 மீட்டருக்கு 2.5 கிகாபிட்டும் போகிறது. அந்தத் தரம் கொண்டுவந்ததே, உலகம் முழுக்கச் சுவருக்குள் கிடக்கும் பழைய கேபிளைப் பிடுங்காமல் வேகத்தைக் கூட்டத்தான். உங்கள் பிளான் 300. பத்து வருடத்தில் 1000 ஆகட்டும், அப்போதும் 5இ தாங்கும். மிச்சக் காசுக்கு வீட்டுக்கு நல்ல எர்த் போடுங்கள்.

#4 லேப் உதவியாளர்

மன்னிக்கவும் சார், நான் அதற்கு நேர் எதிர். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். புதுக் கட்டடத்தில் 6ஏ தவிர வேறு எதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. 10 கிகாபிட்டை முழு 100 மீட்டருக்கும் உறுதியாகக் கொண்டுபோவது 500 மெகாஹெர்ட்ஸ் கேட் 6ஏ. கேபிள் விலை கூடுதல்தான். ஆனால் ஆள் கூலியும் சுவர் உடைக்கிற கூலியும் அதைவிடப் பெரிசு. ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும்.

#5 டிகிரி காபி

லேப் தம்பி சொல்வது கல்லூரிக்குச் சரி. அங்கே நாற்பது ஐம்பது கேபிள் ஒரே கட்டாகப் போகும், ஒன்றின் இரைச்சல் பக்கத்துக் கேபிளில் ஏறும். வீட்டில் அப்படி ஒரு கட்டு எங்கே இருக்கிறது?

கேட் 6-க்கு 250 மெகாஹெர்ட்ஸ் வரை உத்தரவாதம். 10 கிகாபிட்டை அது 55 மீட்டர் வரை கொண்டுபோகும். கட்டுக் கட்டாக நெருக்கினால் 37 மீட்டர் என்று குறைத்துக் கணக்கு வைப்பார்கள். இவருக்குத் தேவை 40 மீட்டருக்குள், அதுவும் தனியாகப் போகிற கேபிள்.

6ஏ பற்றிக் கடையில் சொல்லாத சங்கதியும் இருக்கிறது. தடிமன், விறைப்பு. பைப்புக்குள் பெண்டு தாண்டி இழுப்பதற்குள் எலெக்ட்ரீஷியன் வெறுத்துப்போய் முரட்டு இழுப்பு இழுப்பார். இந்தக் கேபிள்களை இழுக்க அனுமதித்த விசை சுமார் 110 நியூட்டன், 11 கிலோ எடை தொங்குகிற அளவு. அதைத் தாண்டினால் உள்ளே கம்பி ஜோடிகளின் முறுக்கு கலைந்துவிடும். முறுக்கு கலைந்த 6ஏ, ஒழுங்காகப் போட்ட 6-ஐவிட மட்டம்.

சம்பா சார், 5இ விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பழைய வீட்டில் 5இ ஏற்கெனவே கிடந்தால் அதைப் பிடுங்காதே என்றுதான் நானும் சொல்லுவேன். புதிதாக வாங்கும்போது இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் 6.

#6 குடமுருட்டிக்கரை

பைப் விஷயத்தில் எலெக்ட்ரீஷியனைச் சம்மதிக்க வைத்தாயிற்று. 25 ஹெவி, மாடிக்கு இரண்டு.

கடைக்குப் போனேன். கேட் 6, 305 மீட்டர் பெட்டி இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று மற்றதைவிடப் பாதி விலை. மேலே அதே கேட் 6, அதே 23 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமன், கேஜ்). "ரெண்டும் ஒண்ணுதான் சார், கம்பெனி பேருக்குத்தான் விலை" என்கிறார் கடைக்காரர். அப்புறம் கேட் 8 என்று துணி சுற்றிய ஒரு பட்டைக் கேபிளைக் காட்டினார். பார்க்க நன்றாக இருந்தது.

#7 உப்பளக்காற்று

நிறுத்துங்கள் தம்பி, பாதி விலைப் பெட்டியைத் தொடாதீர்கள். வேதாரண்யம் பக்கம் கேமரா மாட்டுவதுதான் எனக்குத் தொழில். இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

அது சிசிஏ கேபிள். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கவரிங் நகைதான். எந்த கேட்டகிரி தரமும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. கேட் 6 என்றால் முழுச் செம்பு என்றுதான் அர்த்தம். பெட்டியில் என்ன அச்சடித்தாலும் இது கேட் 6 ஆகாது.

என்ன கெடுதல்? அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை. டேட்டா மட்டும் போகிற குட்டி தூரத்தில் ஓடிவிடும், அதனால்தான் "நல்லாத்தானே ஓடுது" என்று விற்கிறார்கள். கேமராவுக்குக் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும்போது குட்டு வெளிப்படும். அதற்கான 2003-ன் பிஓஇ தரத்தில் ஸ்விட்ச் கொடுப்பது 15.4 வாட், கேமராவுக்குக் கிடைக்க வேண்டியது 12.95. நடுவில் உள்ள வித்தியாசம் செம்புக் கேபிளின் இழப்புக்கு என்று ஒதுக்கியது. நீண்ட தூரத்தில் அலுமினியத்தின் இழப்பு அதைத் தாண்டும், அந்தச் சக்தி எல்லாம் கேபிளில் சூடாகவே போகும். பகலில் கேமரா ஓடும். இருட்டினதும் இரவு விளக்கு எரிய ஆரம்பிக்கும், அணைந்து அணைந்து எழும். "கேமரா சரியில்லை" என்று என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் கேமரா நன்றாக இருக்கும், கேபிள் இதுவாக இருக்கும்.

அதோடு இது முறிகிற கம்பி. ஜாக்கில் (சுவரில் கேபிளை முடிக்கிற சாக்கெட்) அழுத்திய இடத்தில், இரண்டு தடவை அசைத்தாலே உள்ளுக்குள் ஒடியும். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் அலுமினியம் வெளியே தெரிந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கம்பியை உரித்துப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் முடிந்தது கதை. பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், செம்புப் பெட்டி கையை இழுக்கும். இழுத்து முடித்த பிறகு சந்தேகம் வந்தால், ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டு மறுமுனையில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 23 கேஜ் செம்பு 30 மீட்டருக்கு, போய்வருகிற வழி சேர்த்து, 4 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 6-ஐத் தாண்டினால் அலுமினியம். மீட்டர் ஒயரின் தடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

#8 அரசலாற்றுத் தோணி

அந்த கேட் 8 பற்றி யாரும் பேசவில்லையே. 2000 மெகாஹெர்ட்ஸ் கேபிள், 25, 40 கிகாபிட் வேகத்துக்கு, மொத்தம் 30 மீட்டர் தூரத்துக்கு மட்டும். டேட்டா சென்டரில் பக்கத்துப் பக்கத்து ரேக்கை இணைக்கப் பிறந்தது. வீட்டில் அதைப் போட்டு எதைச் சொருகப் போகிறீர்கள்? கேட் 7-ஐ அமெரிக்க டிஐஏ தரம் ஏற்கவே இல்லை. ஐஎஸ்ஓ தரத்தில் அதற்கு வேறு கனெக்டர். சாதாரண ஆர்ஜே 45 முனையோடு கேட் 7 என்று விற்கும் பேட்ச் கார்டில் (இரண்டு முனையும் சொருகுகிற குட்டி கேபிள்) அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. பட்டைக் கேபிளில் முறுக்குக்கு இடமே குறைவு. கட்டிலுக்கு அடியில் ஒரு மீட்டர் ஓட்டலாம், சுவருக்குள் வேண்டாம்.

ஷீல்டு, அதாவது உலோக உறை, போட்ட கேபிளும் தேவையில்லை. ஷீல்டு என்றால் ஜாக், பேட்ச் பேனல், எர்த் எல்லாம் தொடர்ச்சியாக இணைந்திருக்க வேண்டும். எர்த் இல்லாத ஷீல்டால் முழுப் பலன் கிடைக்காது. நம் ஊர் வீடுகளில் எர்த் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும்.

#9 குடமுருட்டிக்கரை

அக்கா, அண்ணே, எல்லோருக்கும் நன்றி. சுரண்டிப் பார்த்தேன், வெள்ளிதான். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விலை கூடின பெட்டியை வாங்கிவிட்டேன். அதையும் சுரண்டிப் பார்த்த பிறகுதான்.

இன்னொரு கேள்வி. கொல்லைக்கு அந்தண்டை மோட்டார் கொட்டகை, வீட்டிலிருந்து 70 மீட்டர் இருக்கும். மோட்டார் ஒயரைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று அப்பா அங்கே ஒரு கேமரா கேட்கிறார். அதே கேபிளை வேலி ஓரமாகக் கொண்டுபோகலாமா? 100 மீட்டருக்குள்தானே.

#10 உப்பளக்காற்று

தூரம் சரி, வழி சரியில்லை. வீட்டுக்கு ஒரு எர்த், கொட்டகைக்கு வேறு எர்த். பக்கத்தில் எங்காவது இடி இறங்கினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரும். அது போக வழி தேடும்போது நீங்கள் போட்ட செம்புக் கேபிள் நடுவில் நிற்கும். லேன் போர்ட்டில் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரை தாங்குகிற மாதிரிதான் வடிவமைப்பு. இடி அதற்குள் நிற்காது. கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் எங்கள் பக்கம் ரவுட்டர் சாகிற கதை எல்லாம் இதுதான். கேமராவோடு நிற்காமல், ஸ்விட்ச், அதில் சொருகிய டிவி என்று வரிசையாக உள்ளே போகும்.

இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் போகாது, கதை முடிந்தது. சிங்கிள் மோடு டிராப் கேபிள் (வெளியில் இழுக்கிற ஃபைபர்), முனைக்கு ஒன்றாக ஒரு ஜோடி கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேனுக்கு மாற்றும் பெட்டி). ஒற்றை இழையில் ஓடுகிற ஜோடி வாங்கினால் ஏ ஒரு பக்கம், பி ஒரு பக்கம். இரண்டும் ஏ வாங்கிவிட்டு லைட் எரியவில்லை என்று கூப்பிடாதீர்கள். முனையில் பச்சைக் கனெக்டர் ஒரு ரகம், நீலம் வேறு ரகம், கலக்கக் கூடாது. ஸ்ப்ளைசிங் மெஷின் உங்கள் ஊர்க் கேபிள்காரரிடம் இருக்கும். ஃபைபர் இழுக்கிற அன்றைக்கே சொல்லி வைத்தால் வந்து ஒட்டிக்கொடுத்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை: டிராப் கேபிளில் தாங்கலுக்கு ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும். அதை வீட்டுக்குள் விட்டால் ஃபைபர் போட்டதன் பலனே போய்விடும். சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிடுங்கள். இரும்பு இல்லாத ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. கேமராவுக்குக் கரண்ட் கொட்டகையிலேயே எடுங்கள்.

கஜா அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் பக்கம் கம்பம் எல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு நான் மேலே தொங்கவிட்டு எதையும் இழுப்பதில்லை, மண்ணுக்குள்தான். பைப் போட்டே புதைக்கிறேன்.

#11 பழைய ஒயர்மேன்

உப்பளம் தம்பி சொன்னது சரி. புதைப்பதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நம் மண்ணில் ஆற்றில் தண்ணீர் விட்டால் நிலத்தடி நீர் ஏறிவிடும், புதைத்த பைப்பில் தண்ணீர் நிற்கும். நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதனால் புதைப்பதற்கென்றே செய்த கேபிள் வேண்டும், வீட்டுக்குள் போடுகிறது வேண்டாம். வெளியில் வெயில் படுகிற இடத்துக்குக் கறுப்பு உறை. சாம்பல் நிற வீட்டுக் கேபிளின் உறை வெயிலில் வெடித்துவிடும்.

அடுத்தது எலி. சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலி எல்லாம் வீட்டைப் பார்த்து வரும். பிவிசி பைப்பையும் கடிக்கும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை வெளிச்சுவரில் ஜிஐ பைப் போடுங்கள். பழைய பகுதியில் சுவரில் காடி வெட்டாதீர்கள். சுண்ணாம்புக் காரை பாளம் பாளமாகப் பெயரும், பிறகு சிமெண்ட் பூசினால் ஒட்டாது. கேசிங் பட்டியை உத்தரத்துக்குக் கீழே ஒட்டிக் கொண்டுபோனால் கண்ணுக்கும் தெரியாது.

#12 குடமுருட்டிக்கரை

கான்கிரீட் போட்டு, பூச்சு வேலையும் முடிந்து, கேபிள் இழுத்தாயிற்று. எலெக்ட்ரீஷியனே ஜாக் அடித்துக்கொடுத்தார். ரேழி மோடத்திலிருந்து மாடி வரை. டெஸ்டர் எதுவும் இல்லை, நேராகச் சொருகினோம், நெட் வந்தது.

ஆனால் மாடியில் ஸ்பீட் டெஸ்ட் 94-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ரேழியில் மோடம் பக்கத்தில் உட்கார்ந்தால் 300 வருகிறது. கேபிள் மட்டமா? இல்லை, நீளம் கூடிவிட்டதா?

#13 டிகிரி காபி

94 என்றாலே விஷயம் தெரிந்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில், டேட்டாவோடு ஒட்டிவருகிற முகவரி போன்ற தலைப்புச் சுமை எல்லாம் போக மிஞ்சுவது 94, 95. கிகாபிட் இணைப்பில் 940 வரும். கேபிள் மட்டமாக இருந்தால் எண் முன்னே பின்னே ஆடும். இவ்வளவு கச்சிதமாக 94-ல் நிற்காது. இரண்டு முனையும் பேசி 100-க்கு இறங்கியிருக்கின்றன. விண்டோஸில் ஈதர்நெட் அடாப்டர் ஸ்டேட்டஸ் திறந்தால் 100 என்றே காட்டும், பாருங்கள்.

100-க்கு நாலு கம்பி போதும், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். 1999-ல் வந்த கிகாபிட் தரத்துக்கு நாலு ஜோடியும், எட்டுக் கம்பியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி தொடாமல் இருக்கிறது. மோடத்தில் எந்தப் போர்ட் என்றும் பாருங்கள். சில மோடத்தில் ஒன்று மட்டும் கிகாபிட், மற்றது 100-தான். போர்ட் சரி என்றால் ஜாக்கைத் திறங்கள்.

#14 குடமுருட்டிக்கரை

திறந்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆரஞ்சும் பச்சையும் மட்டும் ஜாக்கில் இருக்கின்றன. நீலமும் பழுப்பும் பின்னால் போய் வேறு இரண்டு ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. எலெக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டேன். "நாலு ஒயர்தான் நெட்டுக்கு வேணும் தம்பி, மிச்சம் வீணாப் போகுதேன்னு மாடி காலிங் பெல்லுக்குக் கொடுத்தேன்" என்றார்.

#15 சம்பா தாளடி

அவர் மேல் தப்பில்லை, கேமரா வேலையில் ஒரே கேபிளில் இரண்டு கேமராவுக்குப் பிரித்துக்கொடுக்கிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. 100 எம்பிபிஎஸ் காலத்து சாமர்த்தியம். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இனிமேல் பெல் அடிக்காது என்று.

#16 அரசலாற்றுத் தோணி

பெல்லுக்கு வேறு ஒயர் போடுங்கள், எட்டையும் ஜாக்கில் ஏற்றுங்கள். நீங்களே செய்யலாம். ஒரு பஞ்ச் டவுன் டூலும் (கம்பியை ஜாக்கில் அழுத்துகிற கருவி) பத்து நிமிடமும் போதும்.

ஜாக்கின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு வண்ண வரிசை அச்சடித்திருக்கும். நம் நாட்டில் பரவலாகப் போடுவது டி568பி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஏ-யில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், வேறு வித்தியாசம் இல்லை. வேகத்திலும் இல்லை. இரண்டு முனையும் ஒரே வரிசையாக இருந்தால் போதும்.

பச்சை ஏன் நீலத்தைத் தாண்டி உட்காருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய டெலிபோன் லைன் நடு இரண்டு முனையில், 4, 5-ல் வரும். அதோடு ஒத்துப்போகவே நீல ஜோடியை நடுவில் வைத்தார்கள், பச்சை ஜோடி 3, 6 என்று இரண்டு பக்கமும் விலகியது. இது தெரியாமல் பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஜோடி ஜோடியாக வரிசையில் அடித்தால் ஆபத்து. சாதா டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா லைட்டும் வரிசையாக எரியும், ஏனென்றால் கம்பி தொட்டிருக்கிறது. ஆனால் 3, 6-ல் போகிற சமிக்ஞை இரண்டு வெவ்வேறு முறுக்கில் பிரிந்து போகும். முறுக்கு எதற்காக இருக்கிறதோ அதுவே இல்லாமல் போனது. இணைப்பு வந்து வந்து போகும், காரணம் தெரியாமல் மண்டை காயும்.

இன்னும் இரண்டு. ஜாக்கில் ஏற்றும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். ஒன்றரை அங்குலம் பிரித்து வைத்துவிட்டு கேட் 6 போட்டேன் என்று சொல்கிறவர்கள் அதிகம். அப்புறம், சுவர்க் கேபிளில் நேராக ஆர்ஜே 45 பிளக் அடித்துக் கம்ப்யூட்டரில் சொருக வேண்டாம். அது ஒற்றைக் கம்பி, அசைய அசைய ஒடியும். ஜாக்கில் முடித்து, அங்கிருந்து இழைக்கம்பி பேட்ச் கார்டு, கம்பெனியில் செய்ததாக வாங்குங்கள்.

#17 உப்பளக்காற்று

கேமரா முனைக்கு மட்டும் பிளக் அடித்துத்தான் ஆக வேண்டும், அக்கா. அங்கே கேட் 6 கேபிளுக்கு கேட் 6 பிளக்கே வாங்குங்கள். 23 கேஜ் கம்பி 5இ பிளக்கின் துளையில் புகாது, திணித்தால் பாதியில் நிற்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் தங்க முலாம் 50 மைக்ரோ இஞ்ச் பிளக் கேட்டு வாங்குங்கள், மெல்லிய முலாம் ஒரு மழைக்காலத்தில் பச்சை பிடித்துவிடும். கேமராவுக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் கீழே இறக்கி மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

#18 குடமுருட்டிக்கரை

எட்டையும் ஏற்றினேன். ஸ்டேட்டஸில் 1.0 ஜிபிபிஎஸ். ஸ்பீட் டெஸ்ட் பிளானின் முழு 300. லேப் அண்ணன் தனிச் செய்தியில் சொன்ன ஐபெர்ஃப் (இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே வேகம் அளக்கிற மென்பொருள்) போட்டு ரேழி கம்ப்யூட்டருக்கும் மாடிக்கும் நடுவே பார்த்தேன், 940-ஐத் தொடுகிறது. மாடி ஜாக்கிலிருந்து ஒரு ஆக்சஸ் பாயிண்ட் மாட்டியாயிற்று. இப்போது வைஃபை கொல்லைக் கிணற்றடி வரை வருகிறது.

மோட்டார் கொட்டகைக்கு ஃபைபர் புதைக்க நடவு முடியட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். காலிங் பெல்லுக்கு ஒயர் இல்லாத ரகம் வாங்கிவிட்டோம்.

#19 லேப் உதவியாளர்

மகிழ்ச்சி தம்பி. ஆனாலும் 6ஏ போட்டிருக்கலாம்.

#20 டிகிரி காபி

காலி பைப் ஒன்று கிடக்கிறதே, உங்களுக்காகத்தான். பத்து வருடம் கழித்து வந்து இழுங்கள்.

தம்பி, அந்தக் காலி பைப்பின் இரண்டு வாயையும் எண்ட் கேப் போட்டு மூடிவிடுங்கள், கயிறு உள்ளேயே இருக்கட்டும். திறந்து விட்டால் குளவி மண் கூடு கட்டி அடைத்துவிடும்.

#21 நீடா சந்திப்பு

முழுக்கப் படித்தேன், நல்ல இழை. 305 மீட்டர் பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்குமே, விலைக்குக் கொடுப்பீர்களா? நீடாமங்கலத்திலிருந்து வந்து எடுத்துக்கொள்கிறேன்.

#22 குடமுருட்டிக்கரை

மன்னிக்கவும் சார், மச்சான் வலங்கைமானில் வீடு கட்டுகிறார். பெட்டி ஏற்கெனவே அங்கே போய்விட்டது.